கரைந்து போகும் சாந்து

1874-ஆம் ஆண்டில் ரயில் பாதை வந்து சேர்ந்த நாள் முதலாகத் தேயிலைத் தோட்டங்களுக்கு வாயிலாக விளங்கி வரும் நாவலப்பிட்டி, மழைக்குப் பேர்போன ஊர். அந்த மழையில் பாசி படர்ந்த லயத்துப் படிகளிலும், கொழுந்தைச் சுமந்துகொண்டு இறங்கும் ஒற்றையடிப் பாதைகளிலும் கால் வழுக்கி, விழுகிற கணத்தில் தரையில் கையை ஊன்றி, மணிக்கட்டை முறித்துக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேரைச் சிறு பிராயம் முதல் கண்டிருக்கிறேன். என் சின்னம்மாவும் அவர்களுள் ஒருவர். முறிவு நெறிவு வைத்தியர் பிரண்டையும் பிறவும் அரைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அதன் பின் ஆஸ்பத்திரியில் எலும்பை இழுத்து நேராக்கிச் சாந்துக் கட்டுப் போட்டார்கள். ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. ஆனால் கோணலாய்க் கூடிவிட்டது. இன்றும் அவர் தேநீர்க் கேத்தலை இடக்கையாலேயே தூக்குகிறார்.

இதில் வைத்தியரைக் குறை சொல்வதற்கில்லை. மணிக்கட்டை அடுத்த எலும்பின் நுனி, தண்டுப் பாகத்தைப் போல் கெட்டியானதன்று. மெல்லிய ஓட்டுக்குள்ளே தேன்கூடு போல் நுண்ணிய அறைகள் நிறைந்தது. வயது ஏற ஏற, விசேஷமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, அந்த அறைச் சுவர்கள் மெலிந்து போகின்றன. விழுந்த வேகத்தில் அவை நொறுங்கி அமுங்கிய பிறகு, எவ்வளவு சாமர்த்தியமாக எலும்பை இழுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாலும், நொறுங்கிய இடத்தில் ஒரு பொள்ளல் எஞ்சிவிடுகிறது. தாங்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லாமையால், கட்டுக்குள்ளேயே எலும்பு மெல்ல மெல்ல மீண்டும் அமிழ்கிறது. அந்தப் பொள்ளலை எதைக் கொண்டு நிரப்புவது என்பதே நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சத்திரசிகிச்சை சாஸ்திரத்தை அலைக்கழித்து வந்த கேள்வி.

1892-ல் ஜெர்மனியில் டிரெஸ்மன் என்ற மருத்துவர், சிலை வார்ப்போர் கையாளும் பரிஸ் சாந்தையே எலும்புக் குழிகளில் இட்டு நிரப்பிப் பார்த்தார். சரீரம் அதை ஏற்றுக்கொண்டது. ஆயினும் புதிய எலும்பு வளர்ந்து இடத்தைப் பிடிப்பதற்கு முன்னரே, சில வாரங்களில் கரைந்து மறைந்துவிடும் சுபாவம் அதற்கு. இடுப்பெலும்பிலிருந்து சிறிது வெட்டியெடுத்து நிரப்பும் முறை இன்றளவும் உத்தமமானதாகக் கருதப்படுகிறது. எனினும் ஒரு காயத்தை ஆற்ற இன்னொரு காயம் செய்யவேண்டியிருப்பதும், வெட்டிய இடுப்பு சில வேளைகளில் நெடுநாள் நோவதும் அதன் குறைகள். செயற்கை மூட்டுகளைப் பொருத்தப் பயன்படும் அக்ரிலிக் சீமெந்தோ, இறுகும்போது சுற்றியுள்ள உயிர்த் திசுவைச் சுடக்கூடிய உஷ்ணத்தை உண்டாக்குவது. கரையவும் கரையாது, எலும்பாக மாறவும் மாறாது.

இந்த நிலையில், 1980-களில் அமெரிக்காவில் பற்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த வால்டர் பிரௌன், லாரன்ஸ் சௌ என்ற இருவர் ஓர் அரிய உண்மையைக் கண்டார்கள். கல்சியமும் பொஸ்பேற்றும் வெவ்வேறு விகிதங்களில் சேர்ந்த இரண்டு தூள்களை நீர் விட்டுக் குழைத்தால், அவை சிறிது சிறிதாகக் கரைந்து, நம் எலும்பின் கனிமமாகிய ஐதரொட்சி அப்பதைற்றாக மறுபடி படிந்து, ஊசி ஊசியான நுண்படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கல்லாக இறுகுகின்றன. அதுவும் சூடு ஏறாமல், சரீரத்தின் சாதாரண உஷ்ணத்திலேயே.

ஆனால் குழைத்த சாந்தைக் கரண்டியால் அப்புவதாயின் சதையை விரிய வெட்டவேண்டும். ஊசிக்குழலில் ஏற்றிச் சிறு துளை வழியே செலுத்தினால் அல்லவா வெட்டுக் குறையும்? இங்கேதான் சங்கடம் நேர்ந்தது. இடியப்ப மாவின் பதம் தவறினால், உரலை எவ்வளவு அழுத்தியும் இழை வராது என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். இந்தச் சாந்து அதனிலும் பிடிவாதமானது: அழுத்தினால் நீர் மாத்திரம் முன்னே ஓடிவர, தூள் குழலுக்குள் கட்டியாய் நின்றுவிடும், ஒருவாறு உள்ளே சென்றாலும், இறுகுவதற்குள் கசியும் இரத்தம் அதைக் கலைத்துக் கொண்டுபோய்விடும். இந்தச் சங்கடத்தைத் தீர்த்தவர்களுள் நமக்கு அண்மையில் இருப்பவர்கள் திருவனந்தபுரத்தார். இருதய வால்வைச் சுதேசியாகவே செய்து 1990-ல் முதல் நோயாளிக்குப் பொருத்திப் புகழ்பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில், மனோஜ் கோமத், ஹரிகிருஷ்ண வர்மா ஆகியோர், சாந்துக்குக் கூழ்த்தன்மை தரும் பொருளொன்றைச் சேர்த்து, முழுவதும் ஊசி வழியே வெளிவரக்கூடிய சாந்தை ஆக்கி, 2003-ல் அதன் விவரத்தை வெளியிட்டார்கள். சித்ரா-சி.பி.சி. என்பது அதன் பெயர்.

இவற்றையெல்லாம் நான் விவரித்தபோது சின்னம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான்: “உள்ளுக்குப் போட்ட சாந்து பொறகு என்னா ஆகும்?”

விஷயத்தின் ஜீவன் முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. எலும்பு, பார்வைக்குக் கல் போலிருப்பினும், ஓயாமல் இடித்துக் கட்டப்படும் வீடு. கரைக்கும் கலங்கள் அமிலம் சுரந்து பழைய எலும்பை அரித்துக்கொண்டு போக, அவற்றின் பின்னாலேயே கட்டும் கலங்கள் வந்து புதியதை எழுப்புகின்றன. ஊசியால் இட்ட சாந்தும் அதே இனத்துக் கனிமம் ஆகையால், கரைக்கும் கலங்கள் அதை அந்நியமாகப் பாவிக்காமல் பழைய எலும்பைப் போலவே அரித்துச் செல்கின்றன. அரித்த இடத்தில் சொந்த எலும்பு வளர்கிறது. அதற்கு மாதங்கள் செல்லும், ஆண்டுகளும் செல்லக்கூடும். இரும்புத் தகடும் திருகாணியும் செய்யமாட்டாத காரியம் இது. இருக்கவேண்டிய காலம் வரை பாரத்தைச் சுமந்து நின்று, உரியவன் வளர வளரத் தன் இடத்தை விட்டுக்கொடுக்கும் ஒரு பொருளை மனிதன் தன் கையால் குழைத்திருக்கிறான் என்பதை எண்ணும்தோறும் எனக்குக் கண் பனிக்கிறது.

ஆயினும் இதைச் சர்வரோக நிவாரணியாக எண்ணிவிடலாகாது. அழுத்தும் பாரத்தைத் தாங்கும் இச்சாந்து, வளைக்கும் விசைக்கும் முறுக்கும் விசைக்கும் உடைந்துவிடும். ஆதலால் தொடையெலும்பின் தண்டு முறிந்தவருக்கு இதனால் மாத்திரம் பயனில்லை. மணிக்கட்டிலும் பெரும்பாலும் தகடோ கம்பியோ துணை நிற்கவேண்டும். இரத்தக் குழாய்க்குள் புகுந்தாலோ உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் 2002-க்கும் 2004-க்கும் இடையில், உரிய அனுமதி பெறாமலே இத்தகைய சீமெந்தை முதுகெலும்பில் செலுத்திப் பார்க்க ஒரு நிறுவனம் வழி செய்ததும், மூன்று நோயாளிகள் சத்திரசிகிச்சை மேசையிலேயே உயிர் நீத்ததும், அந்நிறுவனத்தின் அதிகாரிகள் நால்வர் பின்னர் சிறை சென்றதும் நீதிமன்றப் பதிவில் உள்ள செய்திகள்.

இச்சாந்தின் மூலப்பொருள் நம் தேசத்துக்கு அந்நியமானதன்று. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் 1971-ல் கண்டுபிடிக்கப்பட்ட பொஸ்பேற்றுப் படிவு, அப்பதைற்றுக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதை அரைத்துத் தேயிலைக்கும் தென்னைக்கும் உரமாக இடுகிறோம். சரீரத்துக்குள் செலுத்தத் தக்க பரிசுத்தத்துக்கு அத்தகைய பாறையைக் கொண்டுவருவது பெரும் பிரயாசை. பேராதனைப் பல்கலைக்கழக இரசாயன ஆய்வாளர்களோ, ஐதரொட்சி அப்பதைற்றின் நுண்துகள்களை ஆக்கி, டைட்டேனிய உலோகத்தின் மீது அவற்றைப் பூசி, எலும்புக்கு இசைவாக்கும் வித்தையில் ஏற்கெனவே கை தேர்ந்திருக்கிறார்கள்.

நாவலப்பிட்டியில் ரயில் ஏறினால், உலப்பனை, கம்பளை கடந்து பேராதனைச் சந்தி வந்துவிடும். அங்கே பல்கலைக்கழகத்து ஆய்வுகூடமும் போதனா வைத்தியசாலையும் நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. அந்தச் சிறு தூரத்தை நம் நாட்டுச் சாந்து ஒன்று கடந்து வருவதைக் காண வேண்டும் என்பது என் ஆசை. வெளிநாட்டிலிருந்து வரும் சாந்தின் விலை, கொழுந்தை நிறுத்துக் கூலி வாங்கும் பெண்ணுக்கு எட்டும் விலையன்று. போன மாதம், சின்னம்மாவின் லயத்தில் இன்னொரு பெண் அதே படியில் வழுக்கி விழுந்தார். வலக்கை. மலைக்குப் போகாத நாளுக்கு அவருக்குக் கூலி இல்லை.