காப்பதற்கு முன் கற்போம்

முக்கடலும் கூடும் குமரி மண்ணில் வாழும் நாம் பேறு பெற்றவர்கள். காலையில் பேச்சிப்பாறை மலையடிவாரத்திலிருந்து புறப்பட்டால், நண்பகலில் நாஞ்சில் நாட்டு வயல்களைக் கடந்து, மாலையில் மணக்குடிக் கடற்கரையில் நின்றுவிடலாம். மலையும் வயலும் கடலும் ஒரே நாளில்! தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நமக்கு உண்டு. ஆயினும் வயல்கள் தென்னந்தோப்புகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறி வருவதை நாம் கண்ணாரக் காண்கிறோம். எஞ்சிய வளத்தையேனும் காக்க வேண்டும் அன்றோ?

“காப்போம்” என்று சொல்லிவிடுவது எளிது. எதை, எங்கே, எவ்வாறு காப்பது? நாடி பார்க்காமல் எந்த மருத்துவரும் மருந்து கொடுப்பதில்லை. அதுபோல, நிலத்தைக் காக்கத் திட்டமிடுவோரும் முதலில் தங்களுக்கு எவையெல்லாம் தெரியவில்லை என்பதைப் பட்டியலிட வேண்டும். இதையே ஆராய்ச்சித் தேவைகளைக் கண்டறிதல் என்கிறோம்.

நிலம் ஒன்றே

மலை, குளம், கடல் என்று நாம் பிரித்துப் பேசினாலும் தண்ணீர் அவ்வாறு பிரிப்பதில்லை. மலையடிவாரத்தில் தோன்றும் பழையாறு நாஞ்சில் நாட்டு வயல்களையும் சுசீந்திரத்தையும் கடந்து மணக்குடியில் கடலோடு கலக்கிறது. 1906-இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்ட பின், கோதையாற்று நீரும் கால்வாய்கள் வழியே நம் வயல்களுக்கு வருகிறது. மேலே காடு அழிந்தால் மண் கரைந்து கீழே வந்து சேரும். கீழே நன்னீர் குறைந்தால் கழிமுகத்தில் உப்பு மிகும். அங்கே வளரும் அலையாத்தி மரங்களும் மீன் குஞ்சுகளும் அதை உணரும். ஆகவே ஒரு குளத்தை மட்டும் வேலியிட்டுக் காத்துவிட முடியாது.

குளம் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பேருந்தில் செல்லும்போது சுசீந்திரம் குளத்தைக் காணாதவர் யார்? வட ஆசியாவின் குளிருக்குத் தப்பி வரும் பறவைகளுக்கு இந்தியப் பெருநிலத்தின் கடைசித் தங்குமிடங்களுள் இதுவும் ஒன்று. 1971-இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் ஈரநிலங்களைக் காக்க ஓர் உலக உடன்படிக்கை செய்யப்பட்டது. 2022-இல் அதன் பட்டியலில் சுசீந்திரம்–தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் இடம்பெற்றன. முன்னதன் பரப்பு ஏறத்தாழ 94 ஹெக்டேர். பின்னதன் பரப்பு ஏறத்தாழ 20 ஹெக்டேர். இது நமக்குப் பெருமையே. ஆனால் பெருமையோடு வேலை முடிந்துவிடவில்லை.

முதற் கேள்வி: எவ்வளவு ஆழம் தூர்வாரலாம்? விவசாயிக்கு நிறையத் தண்ணீர் வேண்டும்; குளம் ஆழமாக இருப்பது நல்லது. ஆனால் மஞ்சள் மூக்கு நாரை முழங்காலளவு நீரில் நின்றே இரை தேடும். குளம் முழுவதையும் ஒரே ஆழமாக்கினால் அது எங்கே நிற்கும்?

இரண்டாம் கேள்வி: தாமரை எவ்வளவு இருக்கலாம்? அதன் இலைமேல் இலைக்கோழி நடந்து திரியும். ஆனால் நீந்தி மீன் பிடிக்கும் கூழைக்கடாவுக்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். ஒன்றுக்கு வீடாவது மற்றொன்றுக்குத் தடையாகலாம்.

மூன்றாம் கேள்வி: குளத்தில் தங்கும் பறவைகள் இரை தேடுவது எங்கே? நாரையும் கொக்கும் சுற்றியுள்ள வயல்களையும் நாடுகின்றன. அவற்றின் உணவில் வயலின் பங்கு பெரிதென்று தெரிந்தால், குளத்தின் எல்லைக்குள் மட்டும் செய்யும் காவல் போதாது. நெல் விளைவிக்கும் விவசாயியும் பறவைக் காவலராகிவிடுவார். அவர் வயலை விற்காமல் உழுவதற்கு உதவுவதும் பாதுகாப்புத் திட்டத்தின் பகுதியாகிவிடும்.

எதை முதலில் ஆராய்வது?

கேள்விகள் ஆயிரம் இருக்கலாம். பணமும் காலமும் குறைவே. எனவே, எந்தக் கேள்வியின் விடை நம் செயலை மாற்றுமோ அதையே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். மேற்கண்ட மூன்றும் அத்தகையவை.

பழைய நிலை தெரிந்தால்தான் இன்றைய மாற்றமும் விளங்கும். பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை ஆராய்ந்தார். அன்று நம் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது. 1956-இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. எனவே நம் நிலத்தைப் பற்றிய பழைய ஏடுகளைத் திருவனந்தபுரத்திலும் தேட வேண்டும்.

ஏட்டில் இல்லாதவை மக்களின் நினைவில் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளைந்த வயல் எது, எந்த மடை அடைபட்டது என்பதை நம் தாத்தா பாட்டிமார் சொல்வர். கழிமுகத்தில் எந்த மீன் குறைந்தது என்பதை மணக்குடி மீனவர் அறிவர். மலையின் மூலிகைகளைக் காணி மக்கள் அறிவர். இவற்றைக் கேட்டு எழுதுவதும் ஆராய்ச்சியே.

நம் பங்கு

இதற்கெல்லாம் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுமென்பதில்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரிதோறும் தன்னார்வலர்களின் துணையோடு நடைபெறுகிறது. நாமும் ஒரு குறிப்பேடு எடுப்போம். நாள், நேரம், குளத்தின் பெயர், நீர்மட்டம், கண்ட பறவை, எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுவோம். தெரியாத பறவையைத் தெரிந்ததுபோல் எழுதாமல் ‘தெரியவில்லை’ என்றே குறிப்போம். அதுவே உண்மையான அறிவியல். ஓர் ஆண்டின் குறிப்பு சிறிதாகத் தோன்றும். நமக்குப் பின் வரும் தங்கைகளும் தொடர்ந்து எழுதினால், பத்தாண்டுகளில் அது அரிய ஆவணமாகிவிடும்.

அன்னையின் நலம் பேண விரும்பும் மகள், முதலில் அன்னைக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்பாள். நாமும் நம் குமரி மண்ணிடம் அவ்வாறே கேட்போம். கேட்டுக் கற்போம்; கற்றபின் காப்போம்!