பழைய ஒலிக்கருவிக்கு ஏற்ற அடாப்டர்

இந்திய ஒலிபரப்பு வரலாற்றில் மைசூர் நகருக்குத் தனியிடம் உண்டு. மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக விளங்கிய டாக்டர் எம். வி. கோபாலசுவாமி, 1935ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தை நிறுவினார். அதற்கு வழங்கிய ‘ஆகாசவாணி’ என்னும் பெயரே பிற்காலத்தில் இந்திய வானொலி முழுமைக்கும் உரியதாயிற்று. இத்தகைய நகரில் பழைய டிரான்சிஸ்டர்களும், டேப் ரிக்கார்டர்களும், இசைத்தட்டுப் பெட்டிகளும் இன்றும் பல வீடுகளில் போற்றி வைக்கப்பட்டிருப்பதில் வியப்பில்லை.

அவற்றுள் பல, தாமே பழுதடைந்தவை அல்ல. அவற்றிற்கு மின்சாரம் ஊட்டிய சிறு பெட்டி கெட்டுப்போனதால் வாய்மூடிக் கிடப்பவை. அடாப்டர் என்று இக்காலத்தாரும், பேட்டரி எலிமினேட்டர் என்று முன்னோரும் வழங்கிய பெட்டியே அது. வீட்டுப் பெரியவர் ஒருவரின் குரலோ, வீணை ஆசிரியர் ஒருவரின் பாடமோ ஒரே ஒரு நாடாவில் பதிந்திருக்கலாம். அதனைக் கேட்கும் ஆவலில், துளையில் பொருந்துகிறதே என்று ஏதோ ஓர் அடாப்டரைச் செருகினால், அதுகாறும் நலமாயிருந்த கருவி ஒரு நொடியில் கெட்டுவிடக்கூடும். செருகி பொருந்துவது வேறு. மின்சாரம் பொருந்துவது வேறு. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு, தக்க அடாப்டரைத் தேர்ந்தெடுக்கும் முறையினை ஆராய்வோம்.

முதற்கண், குறை எங்கே உள்ளது என்று அறிதல் வேண்டும். கருவியில் மின்கலம் இடும் அறை இருப்பின், உலோக முனைகளைத் துடைத்துப் புதிய மின்கலங்களை இட்டுப் பாருங்கள். கருவி இயங்கினால் அது நலமாக உள்ளது. வேண்டுவது அடாப்டர் ஒன்றே. மேலும், அவ்வறையே கருவிக்குரிய வோல்ட் அளவையும் உணர்த்தும். சாதாரண மின்கலம் ஒவ்வொன்றும் 1.5 வோல்ட் தருவது. அவை பொதுவாக ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்படுவதால், நான்கு கலம் கொண்ட கருவிக்கு 6 வோல்ட்டும், ஆறு கலம் கொண்டதற்கு 9 வோல்ட்டும் தேவை என்று கணக்கிடலாம். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் கேசட் பதிவுக்கருவி ஐந்து கலங்களால் இயங்கியது. எனவே அதற்கு வேண்டியது 7.5 வோல்ட். ஆயினும் கருவியின் பின்புறத்திலோ அடியிலோ அச்சிடப்பட்ட குறிப்பையே முடிவான சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

அடுத்து, வோல்ட், ஆம்பியர் ஆகிய இரண்டின் வேறுபாட்டை விளங்கிக்கொள்வோம். மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் உயரத்தை வோல்ட்டுக்கு ஒப்பிடலாம். உயரம் மிகுந்தால் குழாயில் அழுத்தமும் மிகும். அளவு கடந்தால் குழாய் வெடிக்கும். ஆம்பியர் என்பதோ தொட்டி எவ்வளவு நீரை வழங்க வல்லது என்பதைப் போன்றது. தொட்டி பெரிதாயினும், குழாய் தனக்கு வேண்டிய நீரையே எடுத்துக்கொள்ளும். ஆகவே வோல்ட் அளவு சரியாக ஒத்திருத்தல் வேண்டும்; ஆம்பியர் அளவோ கருவி கேட்பதற்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருக்கலாம். குறைவாயிருப்பின் அடாப்டர் சூடேறும். நாடாவின் ஓட்டமும் தளரும்.

மூன்றாவதாகக் கருத வேண்டியது மின்சாரத்தின் வகையும் முனையும். பெரும்பாலான சிறு கருவிகள் நேர்மின்சாரம் எனப்படும் டி.சி.யை வேண்டுவன, சில மட்டும் ஏ.சி.யையே ஏற்பன. டி.சி. கருவிகளில் செருகியின் நடுப்பகுதி சிலவற்றில் நேர்முனையாகவும், சிலவற்றில் எதிர்முனையாகவும் அமைந்திருக்கும். நடுவே ஒரு புள்ளியும், அதனைச் சுற்றி முழுமையுறாத ஒரு வளையமும், அவற்றிலிருந்து செல்லும் கோடுகளின் முடிவில் கூட்டல், கழித்தல் குறிகளும் கொண்ட சிறு படம் இதனைக் காட்டும். அந்தப் படம் கருவியிலும் அடாப்டரிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். முனை மாறினால் டிரான்சிஸ்டர்களும் மின்தேக்கிகளும் அழியக்கூடும்.

செருகியின் அளவிலும் நுட்பம் உண்டு. வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டராக ஒத்திருந்தும், உள்துளை 2.1 அல்லது 2.5 மில்லிமீட்டராக வேறுபடலாம். துளை பெரிதாயின் தொடர்பு விட்டுவிட்டு வரும். செருகி அரிய வகையாயின், பழைய செருகியையே புதிய அடாப்டரின் கம்பியில் தொழில் அறிந்தவரைக் கொண்டு இணைத்துக்கொள்ளலாம்.

பழைய எலிமினேட்டர் கிடைத்தால் மல்டிமீட்டரால் அளந்து பார்ப்பது நலம். 9 வோல்ட் என்று எழுதப்பட்ட பெட்டி, கருவி இணைக்கப்படாத நிலையில் 12 வோல்ட்டுக்கு மேலும் காட்டக்கூடும். அதனுள் இருக்கும் மின்தேக்கி முதுமையுற்றால், பாட்டினூடே ‘ஹம்’ என்னும் இரைச்சல் எழும். இக்காலத்து எடை குறைந்த அடாப்டர்களோ வேகமாக மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்துபவை. அவற்றுள் தரம் குறைந்தவை மத்திய அலை வானொலியில் கரகரப்பை உண்டாக்கும். வானொலிக்கு நிலையான வோல்ட் தரும் டிரான்ஸ்பார்மர் வகையே பெரிதும் உகந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்த கருவிகளுக்கு மற்றுமொரு சிக்கல் உண்டு. சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து 1902இல் கோலார் தங்கவயலுக்கு அனுப்பப்பட்ட மின்சாரம் நொடிக்கு 25 சுற்றுகள் கொண்டது. இன்று நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 சுற்று. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 சுற்று. வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் இச்சுற்றினை மாற்றாது. எனவே ஏ.சி. மோட்டாரால் சுழலும் அமெரிக்க இசைத்தட்டுப் பெட்டி, நிமிடத்திற்கு 33⅓ முறை சுழல வேண்டியதற்குப் பதில் ஏறத்தாழ 28 முறையே சுழலும். சாதாரண காந்தாரத்தில் ஒலிக்க வேண்டிய சுரம் சட்ஜத்திற்கு இறங்கிவிடும். இதற்கு மோட்டாரின் கப்பியை மாற்றுதல் போன்ற வேறு வழியே தேட வேண்டும்.

வால்வு வானொலிகளை இம்முறையில் சோதித்தல் ஆகாது. ஏ.சி.-டி.சி. இரண்டிலும் இயங்கும் வால்வுப் பெட்டிகள் பலவற்றில் உட்புற உலோகச் சட்டமே நேரடியாக மின்தொடர்பு கொண்டிருக்கும். தொட்டால் உயிருக்கே கேடு. அவற்றைத் தேர்ந்த தொழிலாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

உள்ளூர்க் கடைகளில் தக்க அடாப்டர் கிட்டாவிடில், மைசூரில் உள்ளோர் பெங்களூரின் சதர் பத்ரப்பா சாலையிலும், சென்னையில் உள்ளோர் ரிச்சி தெருவிலும் தேடலாம். செல்லும்போது வோல்ட், ஆம்பியர், மின்சார வகை, முனை, செருகியின் அளவு ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்க. இயலுமாயின் கருவியையும் உடன் கொண்டு செல்க. வாங்கியதும், விலைமதிப்பற்ற நாடாவை முதலில் இடாது, இழப்பினும் வருந்தாத ஒரு நாடாவை ஓட்டிப் பார்க்க. நன்கு ஓடிய பின்னரே பழைய குரலைக் கேட்க முற்படுக. கேட்கும் அந்த முதல் முறையிலேயே மறுபதிவும் செய்துவைத்தல் அறிவுடைமையாம்.