வந்து மறையும் பழுது

முற்றாகப் பழுதுற்ற கருவியைத் திருத்துதல் பெரும்பாலும் எளிது. அது பேசாது கிடக்கும்; நாமும் ஆறுதலாக ஒவ்வோர் உறுப்பாக அளந்து செல்லலாம். சிறிது நேரம் நன்கு பாடிச் சிறிது நேரம் ஊமையாகித் திருத்த வந்தவர் முன்னிலையில் மட்டும் குறையின்றி இயங்கும் கருவியோ நம் பொறுமையைச் சோதிப்பது. அத்தகைய பழுதொன்றை மாணவர் ஒருவரும் நானும் தேடிக் கண்ட வரலாற்றையும், அதனால் நாங்கள் கற்ற முறையையும் இம்மலரில் எழுத விரும்புகின்றேன்.

தமிழாசிரியனுக்கு இத்துறையில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானம் பயின்று, பின்னர்த் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய விபுலாநந்த அடிகள், பழந்தமிழர் யாழின் சுரங்களைக் கணித முறையால் ஆராய்ந்து 1947ஆம் ஆண்டில் யாழ் நூலை வெளியிட்டார். ஒலியை அளந்தறிதல் தமிழுக்குப் புறம்பான தொழிலன்று என்பதற்கு இம்மண்ணில் வேறு சான்று வேண்டியதில்லை.

மாணவரின் வீடு கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் உள்ளது. அவருடைய பாட்டனார் வடமோடிக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார், காலமாகிவிட்டார். அவர் பாடிய ஒலிநாடா ஒன்றே வீட்டிலிருந்தது. அதனைப் பதிந்தவர் இரண்டு ஒலிவாங்கிகளைப் பயன்படுத்தி, ஒன்றை மத்தளத்தின் அருகிலும் மற்றையதை அண்ணாவியாரின் முன்னிலும் வைத்திருந்தார். ஆதலின், நாடாவை இயக்கும்போது இடப்பக்க ஸ்பீக்கரில் மத்தளமும் வலப்பக்க ஸ்பீக்கரில் பாட்டும் மேலோங்கிக் கேட்கும். ஆண்டுத் திவசத்தன்று உறவினர் யாவரும் அக்குரலைக் கேட்க வேண்டுமென்று, மாணவர் தம் கையாலேயே ஒரு பெருக்கியைச் செய்தார். அதாவது, அம்பிளிபயர் என்று நாம் வழங்கும் கருவி.

அதன் அமைப்பு எளியது. 230 உவோற்று மின்சாரத்தை நிலைமாற்றியொன்று 12-0-12 உவோற்றாகக் குறைக்கும். அது சீராக்கப்பட்டபின் ஏறத்தாழ நேர் 16 உவோற்றும் மறை 16 உவோற்றும் கிடைக்கும். வழிக்கு ஒன்றாக ரீ.டீ.ஏ. 2030 என்னும் ஐ.சி. இரண்டு, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் இரட்டை மாறுந்தடை ஒன்று, சில தடைகள், கொள்ளளவிகள். அவ்வளவே.

கருவி முதலில் நன்றாகவே பாடியது. மாரி தொடங்கியபின் வலப்பக்கம் இடையிடையே அடங்கலாயிற்று. மத்தளம் ஒலித்துக்கொண்டேயிருக்கும், பாட்டு மட்டும் தொலைவிற்குப் போய்விடும். நாடா பழையது, குரல் அழிந்துபோயிற்று என்று வீட்டார் முடிவு கட்டினர். அந்நாடாவை ஒதுக்கிவிடவும் ஆயத்தமாயினர். மாணவர் வலப்பக்க ஐ.சி.யை இருமுறை மாற்றினார். ஒவ்வொரு முறையும் சில நாள் குணமாயிருந்து பின்னர் பழுது மீண்டது. என்னிடம் கொண்டு வந்தபோது நானும் அறிவாளிபோலக் குமிழிற் குற்றம் எனக் கூறி, தொடுகைகளைத் துப்புரவாக்கும் திரவத்தை அதனுள் தெளித்தேன். ஒன்பது நாள் பாடிற்று. பத்தாம் நாள் அடங்கிற்று.

அப்பொழுதுதான் வகுப்பில் நான் கற்பிக்கும் பாடமே எனக்கு நினைவிற்கு வந்தது. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நோயை அறிந்து, அதன் மூலத்தை அறிந்து, தணிக்கும் வழியையும் அறிந்த பின்னரே செயற்படுமாறு மருத்துவனுக்குக் கூறுகின்றார். நாங்களோ நோயை அறியுமுன் மருந்து கொடுத்தோம். ஆதலின் தொடக்கத்திலிருந்து மீண்டும் புறப்பட்டோம்.

முதலாவது வேலை கருவியைத் திறப்பதன்று, குறிப்பேட்டைத் திறப்பதாகும். பழுது எந்நேரம் வந்தது, கருவியை இயக்கி எத்தனை நிமிடமாயிற்று, மழையா வெயிலா, அவ்வேளை எவர் எதனைத் தொட்டார் என்பவற்றைப் பத்து நாள் எழுதுமாறு மாணவருக்குக் கூறினேன். குறிப்பு இரண்டு செய்திகளைத் தந்தது. பழுது பெரும்பாலும் காலையில், முதல் 20 நிமிடத்திற்குள் வருகின்றது. கருவி சூடேறியபின் அரிதாகின்றது. அன்றியும், மூன்று முறை குமிழைத் திருப்பிய கணத்திலேயே வந்துள்ளது. ஐ.சி. வெப்பத்தாற் களைத்து அடங்குவதாயின், சூடேறிய பின்னரன்றோ அடங்க வேண்டும்? ஆகவே ஐ.சி.யின் மீதிருந்த ஐயம் அங்கேயே பாதி நீங்கிற்று.

இரண்டாவது, இடம் மாற்றிப் பார்த்தல். இரு வழியுடைய கருவியில் ஒரு வழி நலமாயிருத்தல் பெரும் பேறு. நலமான வழியே பழுதுற்ற வழிக்கு அளவுகோலாகும். ஆளியை அணைத்துவிட்டு, நாடாக் கருவியிலிருந்து வரும் இரு கம்பிகளையும் பெருக்கியின் வாயிலில் இடம் வலமாக மாற்றிச் செருகினோம். இப்போது அண்ணாவியாரின் குரல் இடப்பக்கத்தில் இடையறாது ஒலித்தது. வலப்பக்கம் வந்த மத்தளமே அடங்கி அடங்கி எழுந்தது. நாடாவிற்குக் குற்றமில்லை, நாடாக் கருவிக்கும் கம்பிக்கும் குற்றமில்லை என்பது ஒரு நொடியிற் புலனாயிற்று. குரல் அழியவில்லை என்று கேட்டபோது அவ்வீட்டிலுள்ள முதியவர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை எழுத்தில் அமைத்தல் அரிது.

அடுத்து ஸ்பீக்கர்களை மாற்றினோம். அதற்குமுன் ஒன்று செய்தல் வேண்டும். ஒலி கொடாமல், ஸ்பீக்கர் முனைகளில் நேரோட்ட அழுத்தத்தைப் பல்மானியால் அளத்தல் வேண்டும். சில பத்து மில்லியுவோற்றுக்குள் இருப்பின் நன்று. பல உவோற்று இருப்பின் ஸ்பீக்கரை இணைத்தலாகாது, சுருள் எரிந்துவிடும். எங்கள் அளவு சரியாயிருந்தது. ஸ்பீக்கர்களை மாற்றிய பின்னரும் வலப்பக்க முனையில் இணைத்த பெட்டியே அடங்கிற்று. பழுது பெருக்கியின் உள்ளே என்பது உறுதியாயிற்று.

உள்ளே கைவைக்குமுன் செருகியைச் சுவரிலிருந்து கழற்றுக. ஆளியை அணைத்தல் மட்டும் போதாது. பெரிய கொள்ளளவிகளில் மின்னேற்றம் எஞ்சியிருக்கும். 100 ஓம் தடையொன்றை அவற்றின் முனைகளிற் சிறிது நேரம் தொடுத்து அதனை வடியவிடுக. மின்னூட்டி அளக்க நேரின், நிலைமாற்றியின் 230 உவோற்றுப் பக்கத்தை முற்றாக மூடி, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்க. இந்த ஐ.சி.யின் உலோக முதுகு மறை அழுத்தத்தோடு இணைந்தது. பெட்டியின் உடலைத் தொடாவண்ணம் மைக்காத் தகட்டால் அதனைப் பிரித்தல் வேண்டும் என்பதையும் மாணவர் மறத்தலாகாது.

மூன்றாவது, பாதியாகப் பகுத்தல். முழு நிலவில் வாவியின் நடுவே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையிற் காதை வைத்துப் பாடுமீனின் இசையைக் கேட்பவர், ஓரிடத்திற் கேளாவிடின் இன்னோரிடஞ் செல்வர். நாங்களும் அவ்வாறே செய்தோம். கைப்பேசியிலிருந்து செக்கனுக்கு 100 அதிர்வுள்ள ஒலியை இரு வழிக்கும் ஒப்பக் கொடுத்து, குமிழை முழுவதும் திருப்பி, மாறுந்தடையின் நுழைவில் 0.1 உவோற்று வருமாறு அமைத்தோம். சிறிய ஆடலோட்ட அழுத்தத்தை அளக்கவல்ல பல்மானி வேண்டும். மலிவானவை சிலவற்றால் அஃது இயலாது.

எங்கள் சுற்றில் 22,000 ஓம் தடையும் 680 ஓம் தடையும் பெருக்கத்தை ஏறத்தாழ 33 மடங்காக்குகின்றன. எனவே ஐ.சி.யின் 4ஆம் காலில் 3.3 உவோற்று வருதல் வேண்டும். இடப்பக்கத்தில் வந்தது. வலப்பக்கம் அடங்கிய வேளையில் அளந்தபோது அங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஐ.சி.க்கு ஒலி நுழையும் 1ஆம் காலை அளந்தோம், அங்கும் இல்லை. ஐ.சி. பெறாததை எவ்வாறு தரும்? இருமுறை மாற்றப்பட்ட ஐ.சி. குற்றமற்றது! மாறுந்தடையின் நுழைவிலோ 0.1 உவோற்று இருந்தது. ஆகவே பழுது மாறுந்தடைக்கும் ஐ.சி.க்கும் இடையே, இரண்டு விரல் அகலத்துள் ஒளிந்திருந்தது.

மாறுந்தடையின் நடுக்காலை அளக்கக் கம்பிமுனையை வைத்ததும் ஒலி திரும்பிவிட்டது. முனையை எடுத்தோம், அடங்கிற்று. உலர்ந்த மூங்கிற் குச்சியால் மெல்ல அழுத்தினோம், மீண்டும் ஒலித்தது. பழுதை மறைத்த அழுத்தமே அதனைக் காட்டியும் கொடுத்தது. உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கியபோது, அக்காலைச் சுற்றியிருந்த பற்றாசில் மயிரிழை போன்ற வட்ட வெடிப்பொன்று தென்பட்டது.

நோயைக் கண்டோம், அதன் மூலம் யாது? பெட்டியின் முகப்பில் துளை சிறிது விலகிப்போனமையால், மாறுந்தடையை முகப்போடு இறுக்கும் சுரை பூட்டப்படவேயில்லை. குமிழைத் திருப்பும் விசை முழுவதையும் பற்றாசே தாங்கிற்று. பற்றாசு மின்னைக் கடத்தும் பிணைப்பு. சுமை தாங்கும் தூணன்று. நாளடைவில் அது வெடித்தது. உப்புக் காற்றும் மாரி ஈரமும் வெடிப்பினுள் மாசு படியச் செய்தன. கருவி சூடேறி உலோகம் விரியும்போது வெடிப்பின் விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டன, குளிரில் விலகின. ஐ.சி.யை மாற்றியபோதும் நான் திரவம் தெளித்தபோதும் பலகை அசைக்கப்பட்டமையால் விளிம்புகள் தற்செயலாகப் பொருந்தின. அதனையே நாங்கள் குணமென்று எண்ணினோம்.

துளையை அகற்றிச் சுரையைப் பூட்டிய பின்னரே பற்றாசுக்கோலைக் கையிலெடுத்தோம். பழைய பற்றாசை முழுவதும் நீக்கி, காலையும் செப்புத் தடத்தையும் துலக்கி, பசையிட்டு, வெள்ளீயம் 63 பங்கும் ஈயம் 37 பங்கும் கலந்த புதுப் பற்றாசை வைத்தோம். அது 183 பாகை செல்சியசில் உருகுவது. பழைய பற்றாசின் மேலேயே புதியதை அப்புதல் வெடிப்பை மூடுமேயன்றி நீக்காது. வேலை முடிந்ததும் கை கழுவுதல் வேண்டும்; ஈயம் நஞ்சு.

இறுதியாக, பழுதை வலிந்து அழைத்துப் பார்த்தோம். குளிர்ந்த காலைகளில் இயக்கினோம், குமிழைத் திருப்பினோம், குச்சியால் தட்டினோம். 14 நாளும் அது வரவில்லை. வந்து மறையும் பழுது இப்போது காணப்படவில்லை என்பதனால் தீர்ந்ததாகாது. எந்நிலையில் முன்பு வந்ததோ அந்நிலையிலும் வராவிடினே தீர்ந்ததாகும்.

திவசத்தன்று அண்ணாவியாரின் குரல் அம்முற்றத்தில் முழுமையாக ஒலித்தது. பின்னர் அந்நாடாவை நாடாக் கருவியிலிருந்து நேரே கணினியிற் படியெடுத்தும் வைத்தோம்.

பழைய மாணவர் பலருடைய வீடுகளிலும் இத்தகைய நாடாக்கள் கிடக்கும். தந்தையின் பேச்சோ, தாயின் தாலாட்டோ, ஆசிரியர் ஒருவரின் சொற்பொழிவோ அவற்றில் இருக்கலாம். குரல் கேளாதபோது, அழிந்தது என்று அவற்றை எறிந்துவிடாதீர்கள். இரண்டு கம்பிகளை இடம் மாற்றிச் செருக ஒரு நிமிடம் போதும்; குற்றம் நாடாவிலா கருவியிலா என்பதை அந்த ஒரு நிமிடம் சொல்லிவிடும்.