பொறுத்திருந்த இளவரசனும் பொறுக்காத மன்னனும்

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதி வழியே சில மைல் சென்றால் நெளுக்குளம் வரும். குளமும், குளத்தை நம்பிய வயல்களும், நகரம் வளர வளர அதனோடு சேர்ந்து வளர்ந்துவிட்ட குடியிருப்புகளும் கொண்ட ஊர். அங்கே என் வீட்டு விறாந்தையில் மாலை வேளைகளில் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் வந்து கூடுவது வழக்கம். நாடகமும் அரங்கியலும் அவர்கள் பயிலும் பாடங்களுள் ஒன்று. அண்மையில் ஒருநாள் அவர்களுள் ஒரு மாணவி கேட்டாள்:

"ஐயா, ஹம்லெற் ஏன் இவ்வளவு காலம் தாமதித்தான்? தொடக்கத்திலேயே சிற்றப்பனைக் கொன்றிருந்தால் இத்தனை பேர் செத்திருக்கமாட்டார்களே!"

சிறிய வினாத்தான். ஆயினும் ஷேக்ஸ்பியர் 1600ஆம் ஆண்டளவில் அந்நாடகத்தை எழுதிய நாள் முதலாக அறிஞர்கள் விடை தேடிக்கொண்டிருக்கும் வினாவும் அதுவே. டென்மார்க் நாட்டு இளவரசனுக்குத் தந்தையின் ஆவி தோன்றி, தன்னைக் கொன்றவன் தன் தம்பியே என்று கூறிப் பழிவாங்கப் பணிக்கிறது. கொன்றவனோ இப்போது அரியணையில் இருக்கிறான். அன்னையும் அவனுக்கே மனைவியாகிவிட்டாள். மைந்தன் உறுதி பூணுகிறான், பின்னர் தயங்குகிறான், தன்னையே கடிந்துகொள்கிறான், மீண்டும் தயங்குகிறான்.

பெருஞ்செயலொன்றின் பாரத்தைத் தாங்கமாட்டாத மென்மையான உள்ளம் என்றார் ஜெர்மானியப் பெருங்கவி கேதே. சிந்தனை மிகுந்தமையால் செயல் குன்றியவன் என்றார் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ். 1948இல் லோரன்ஸ் ஒலிவியர் இதனைத் திரைப்படமாக்கியபோது, முடிவு செய்யத் தெரியாத ஒருவனின் அவலம் என்றே தொடக்கத்தில் அறிவித்துவிட்டார். நம்மவருள் பம்மல் சம்பந்த முதலியார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இக்கதையை 'அமலாதித்யன்' என்ற பெயரில் தமிழாக்கித் தமிழ் மேடைக்குக் கொணர்ந்தார். தயக்கம் என்பது ஒரு குறை, ஹம்லெற் அக்குறையால் அழிந்தான் என்ற முடிபையே நானும் நெடுங்காலம் ஏற்றிருந்தேன்; வகுப்பிலும் அவ்வாறே கற்பித்தேன். இன்று அதனை ஏற்க என் மனம் ஒருப்படுவதில்லை.

ஆவியின் சொல் சான்றாகுமா?

ஹம்லெற்றுக்குக் கிடைத்த சான்று யாது? ஓர் ஆவியின் வாக்கு மட்டுமே. பேயும் இறந்தோர் வடிவில் தோன்றி மாந்தரைத் தீவினைக்கு ஈர்க்கக்கூடும் என்பது அக்காலத்து மக்களின் நம்பிக்கை. ஆகவேதான் அவன் ஓர் ஆய்வு நடத்துகிறான். அரண்மனைக்கு வந்த நடிகரைக் கொண்டு, தந்தையின் கொலையை ஒத்த நாடகமொன்றை மன்னன் முன் ஆடச் செய்து, அவன் முகத்தைக் கவனிக்கிறான். மன்னன் பதறி எழுகிறான். அதன் பின்னரே ஹம்லெற்றின் ஐயம் தீர்கிறது.

ஒருவன் உயிரை எடுக்குமுன் உண்மையை உசாவுவது கோழைமையா? இவ்வினாவோடு நம் வன்னி மண்ணின் கூத்துக் களரிக்கு வருவோம்.

கோவலன் கூத்தின் பாண்டியன்

முல்லைத்தீவுப் பகுதியிலே கோவலன் கூத்து வழிவழியாக ஆடப்பட்டு வருவது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு வன்னியெங்கணுமிருந்து மக்கள் திரளும் நாட்டில் அக்கதை வெறுங்கதையன்று, வழிபாட்டோடு பின்னியது. விடியுமட்டும் விழித்திருந்து, கண்ணகி நீதி கேட்கும் கட்டத்திற் கண்ணீர் விடும் கிழவிகளை நான் சிறுவனாயிருந்தபோதே கண்டிருக்கிறேன்.

நாட்டார் வழக்கில் கதைப்போக்கு சிற்சில இடங்களில் மாறுபடும். சிலப்பதிகாரம் கூறுமாற்றை நோக்குவோம். அரசியின் ஊடலைத் தணிக்க அந்தப்புரம் நோக்கி விரைகிறான் பாண்டியன். வழியிலே பொற்கொல்லன் வந்து, காணாமற்போன சிலம்பின் கள்வன் அகப்பட்டான் என்கிறான். மன்னன் நின்று விசாரிக்கவில்லை. கள்வனை அழைத்து வரச் செய்து முகம் பார்க்கவுமில்லை. ஆணை பிறந்துவிட்டது.

வியப்பு என்னவெனில், மன்னனுக்கு வராத தயக்கம் அவன் ஏவலருக்கு வந்தது. கோவலனைக் கண்ட காவலருள் ஒருவன், இவன் தோற்றம் கொலைக்குரிய கள்வனின் தோற்றமன்று என்கிறான். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை விரித்துரைத்து அத்தயக்கத்தைக் கரைக்க முயல்கிறான். காவலர் பேசிக்கொண்டு நிற்கையிலேயே, அவர்களுள் கல்வியறிவற்ற குடியன் ஒருவனின் வாள் வீழ்கிறது. இளங்கோவடிகள் அந்தச் சிறு இடைவெளியை நமக்குக் காட்டியிருக்கிறார். இன்னும் சிறிது பொழுது அத்தயக்கம் நிலைத்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான், மதுரையும் எரிந்திராது.

பின்னர் அவையிலே கண்ணகியின் சிலம்பு உடைகிறது. முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறிக்கிறது. தன் தவற்றை உணர்ந்த அக்கணமே பாண்டியன் உயிர் நீக்கிறான். பாண்டியனுடையது பொறுக்காதவனின் அவலம். ஹம்லெற்றினுடையது பொறுத்தவனின் அவலம். டென்மார்க் இளவரசன் நாடகமொன்றை நடத்திச் செய்த விசாரணையை, மதுரை மன்னன் ஒரு வினாவினாலேயே செய்திருக்கலாம்.

கூத்திலே உட்போர்

நிற்க. நம் கூத்திலே பாத்திரத்தின் மனப்போராட்டத்துக்கு இடமுண்டா என ஒருவர் கேட்கலாம். கூத்தின் அரசன் வரவுப் பாட்டோடும் ஆட்டத்தோடும் வருகிறான்; தான் இன்னான் என்று முழங்குகிறான். தனிமையில் நின்று தன்னோடு தானே வாதிடும் ஹம்லெற்றின் பேச்சுக்கு நிகரானது மரபில் அரிது. மோதல் அங்கே இருவரிடையே தருக்கமாக வெளிப்படும்.

ஆயினும் அவ்வடிவம் உட்போரையும் தாங்கவல்லது என்பதை 1960களிலே பேராதனைப் பல்கலைக்கழகத்திற் கண்டோம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபைச் செப்பனிட்டு மேடையேற்றிய நாடகங்களுள், சி. மௌனகுரு எழுதிய 'இராவணேசன்' ஒன்று. பத்துத் தலை அரக்கனாக அன்றி, மானத்துக்கும் பாசத்துக்கும் இடையே நின்று தவிக்கும் மனிதனாக இராவணன் அதிலே தோன்றினான். விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, ஆட்டத்தையும் தாளத்தையுமே உள்ளத்தின் கொந்தளிப்புக்கு மொழியாக்கியது அம்முயற்சி. இதற்கான வித்துக் கம்பனிடமே உண்டு. முதல்நாட் போரில் வெறுங்கையனாய் மீண்ட இராவணன் பகைவர் நகைப்பதற்கு நாணவில்லை. சீதை நகைப்பாளே என்றுதான் நாணினான் என்று கம்பன் காட்டும் இடத்தை எண்ணிப் பார்க்க.

தாமதத்தின் விலை

ஹம்லெற்றை முற்றாக விடுவிக்கவும் நான் துணியேன். ஐயம் தீர்ந்த பின்னரும் அவன் தாமதித்தான். மன்னன் தனியே மண்டியிட்டுத் தொழும்போது வாளை உருவியவன், தொழுகையிற் கொன்றால் பாவி சுவர்க்கம் புகுவான் என்று சொல்லி வாளை உறையிலிட்டான். அது காரணமா, சாக்கா என்று இன்றும் வாதிடுகின்றனர். முடிவில் அவனோடு சேர்த்து எட்டு உயிர்கள் போயின. மாணவியின் கணக்குத் தவறன்று.

ஆனால் அந்த எட்டில் முதல் உயிர் எவ்வாறு போயிற்று? திரைக்குப் பின்னே ஏதோ அசைய, யாரென்று பாராமலே ஹம்லெற் வாளைப் பாய்ச்சினான். செத்தவன் மன்னனல்லன், கிழவன் பொலோனியஸ். சிந்தியாது செய்த அந்த ஒரு கணத்தில் ஹம்லெற்றும் பாண்டியனாகிவிட்டான். பொலோனியஸின் மகன் லேயர்டீஸோ தந்தை இறந்த செய்தி கேட்டவுடன் கூட்டந்திரட்டிக்கொண்டு அரண்மனைக் கதவை உடைத்து வந்தான். தயக்கமே அறியாத வீரன். அவனைத்தான் கிளோடியஸ் மன்னன் எளிதிலே தன் கைக்கருவியாக்கி, நஞ்சு தோய்த்த வாளை எடுக்கச் செய்தான். பொற்கொல்லன் கையிற் பாண்டியன் அகப்பட்டதற்கும் இதற்கும் வேறுபாடு யாது?

வள்ளுவரும் தெரிந்துசெயல்வகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். மடியின்மைக்கு மற்றோர் அதிகாரம் வகுத்தார். எண்ணிச் செய்ய வேண்டும், காலம் தாழ்த்தவும் கூடாது. இரண்டும் உண்மை. இரண்டும் ஒருங்கே ஒருவனைப் பற்றி இழுக்கும்போது அவன் என் செய்வான்? அவலநாடகம் பிறக்கும் இடம் அதுவே.

இருப்பதா, போவதா

ஹம்லெற்றின் தனிமொழிகளுள் பெரும்புகழ் பெற்றது, இருப்பதா இறப்பதா என்ற வினாவோடு தொடங்குவது. வன்னியிலே 2008ஆம் ஆண்டில் ஒவ்வொரு வீட்டிலும் எழுந்த வினா, இருப்பதா போவதா என்பது.

என் சித்தப்பா அப்போது கிளிநொச்சிக்கு அப்பால் ஒரு சிற்றூரிற் கமம் செய்துகொண்டிருந்தார். பாதைகள் முற்றாக அடைபடுமுன், எப்படியேனும் புறப்பட்டு வந்துவிடுங்கள் என்று வந்துபோவோர் மூலம் இருமுறை சொல்லியனுப்பினேன். வரவில்லை. 2009இல், வவுனியாப் பள்ளிக்கூடங்கள் இடம்பெயர்ந்தோரால் நிறைந்திருந்த நாட்களில், அவரைத் தனியராகக் கண்டேன். சித்தி வழியிலேயே போய்விட்டார்.

துயரம் என்னைக் கொடியவனாக்கியது. "சொன்னபோதே வந்திருக்கலாமே, சித்தப்பா. ஏன் வரவில்லை?" என்று கேட்டேன். அவர் விடை கூறவில்லை. முடிவு செய்யத் தெரியாத மனிதர் என்று என் மனம் தீர்ப்பெழுதிக்கொண்டது.

சில ஆண்டுகள் கழிந்தன. முல்லைத்தீவுப் பக்கம் கோயிலொன்றிற் கோவலன் கூத்து என்று கேள்வியுற்றுப் புறப்பட்டபோது, தானும் வருவதாகச் சொன்னார். மணலிலே பாய் விரித்து அருகருகே இருந்து பார்த்தோம். பாண்டியன் அவையில் வீழ்ந்த கட்டத்தில் என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"ராசா ஒரு இரவு பொறுத்திருந்தாற் போதும், தம்பி. பொறுக்கேல்லை. நான் பொறுத்தனான். ரெண்டு பேருக்கும் நட்டந்தான்."

நான் பேசாதிருந்தேன். அவரே தொடர்ந்தார்.

"உன்ரை சித்தியின்ரை தாய் அப்ப படுக்கையிலை. கிழவியைத் தூக்கிச் சைக்கிளிலை வைக்கேலாது. விட்டிட்டு வரவும் ஏலாது. மூண்டு தரம் சாமானைக் கட்டினனான். மூண்டு தரமும் அவிழ்த்தனான். கிழவி கண்ணை மூடி எட்டுச் செலவு முடியேக்கை போற வழி இல்லை."

நான் சொல்லியனுப்பியபோது அந்த மூதாட்டி படுக்கையிலிருந்தமை எனக்குத் தெரியாது. பின்னர் அவரைக் கண்டபோது கேட்கவுமில்லை. என் கேள்வி கேள்வியே அன்று. அதற்குள் தீர்ப்பும் இருந்தது. கூத்துப் பாண்டியனைக் குறை கூறிக்கொண்டிருந்த நான், அவனைப்போலவே விசாரியாமல் ஒருவரைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தேன்.

அன்றுதொட்டு ஹம்லெற்றை நான் வேறு கண்கொண்டு வாசிக்கிறேன். தயங்குகிறவன் எல்லாம் உறுதியற்றவன் அல்லன். இரு பக்கத்திலும் தன் கையாற் கொல்லவேண்டிய ஒன்று நிற்பதைக் கண்டவனும் தயங்குவான். காணாதவனுக்குச் செயல் எளிது. காஷ்மீரத்தைக் களமாக்கி விஷால் பரத்வாஜ் 2014இல் எடுத்த 'ஹைதர்' என்ற இந்திப் படத்தில், பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போன தந்தைக்காகப் பழிவாங்க வந்த மைந்தன், கடைசியிற் சிற்றப்பனைக் கொல்லாமலே நடந்துபோகிறான். போரையும் காணாமற்போதலையும் அறிந்த மண்ணிலிருந்து அந்நாடகத்தை நோக்குவோருக்கு அத்தயக்கம் நோயாகத் தோன்றாது.

மாணவிக்கு நான் இவற்றையெல்லாம் சொல்லவில்லை. ஹம்லெற் ஏன் தாமதித்தான் என்று கேட்குமுன், அவன் எதனை அறியக் காத்திருந்தான் என்று நாடகத்தை மறுபடி வாசித்துப் பார்க்கும்படி மட்டும் கூறினேன்.

சித்தப்பா இப்போது நெளுக்குளத்திலேயே, என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். அன்று கேட்ட கேள்விக்கு வருந்துகிறேன் என்று இத்தனை ஆண்டுகளாகியும் நான் அவரிடம் சொன்னதில்லை. இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். இக்கட்டுரை அச்சேறும் ஞாயிற்றுக்கிழமை காலையில், பத்திரிகையைக் கொண்டுபோய் அவர் கையிற் கொடுப்பதென்று எண்ணியிருக்கிறேன்.