தெரியாமல் செய்தாலும் தண்டனையா?

1962-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி. சுவிட்சர்லாந்தில் உள்ள சூரிச் நகரில் இருந்து புறப்பட்ட விமானம் காலையில் பம்பாய் வந்து சேர்ந்தது.

சுங்க அதிகாரிகள் உள்ளே ஏறி, ஒரு ஜெர்மானியரைச் சோதனை போட்டார்கள். சட்டைக்குள் தங்கக் கட்டிகள்! ஒன்றல்ல, இரண்டல்ல, 34 கட்டிகள். மொத்தம் சுமார் 34 கிலோ!

அவர் பம்பாயில் இறங்கவே இல்லை. தங்கத்தை மணிலாவுக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

புது உத்தரவு

இந்தியா வழியாக இப்படித் தங்கம் கொண்டு போக முன்பு பொது அனுமதி இருந்தது. அந்த நவம்பர் 8-ந் தேதி ரிசர்வ் பாங்கி புது உத்தரவு போட்டது. தங்கம் இருந்தால் விமானத்தின் சரக்குப் பட்டியலில் காட்ட வேண்டும். உத்தரவு 24-ந் தேதிதான் அரசாங்க கெஜட்டில் வெளியாயிற்று. ஜெர்மானியர் விமானம் ஏறியது 27-ந் தேதி.

மூன்றே நாள்! இந்தியாவில் அச்சான கெஜட்டை சூரிச்சில் இருப்பவர் எங்கே பார்ப்பார்?

மூன்று கோர்ட்டுகள்

மாஜிஸ்திரேட்டு ஓராண்டு கடுங்காவல் விதித்தார். பம்பாய் ஐகோர்ட்டு விடுதலை செய்தது. மராட்டிய அரசாங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

1964-ல் அங்கே மூன்று நீதிபதிகளுக்குள்ளும் ஒத்த கருத்து இல்லை. குற்ற எண்ணம் இல்லாதவரைத் தண்டிக்கக் கூடாது என்றார் சுப்பாராவ். ராஜகோபால அய்யங்காரும் முதோல்கரும் அதை ஏற்கவில்லை. அன்னியச் செலாவணியைக் காப்பதற்காக வந்த சட்டம் இது. "தெரியாது" என்று சொல்லித் தப்ப விட்டால் சட்டம் இருந்து என்ன பயன்? கெஜட்டில் வந்தால் போதும் என்றார்கள்.

ஜெர்மானியர் குற்றவாளி என்று முடிவாயிற்று.

தங்கத்தைச் சட்டைக்குள் மறைத்து வந்தவருக்காக யாரும் கண்ணீர் விட வேண்டாம். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஏழைக்கும் இதே விதிதான். கெஜட்டைக் கண்ணால் பார்த்தவர் உங்கள் தெருவில் எத்தனை பேர்? (வக்கீல் வீடு இருந்தாலும் சந்தேகம்தான்!)

குடைக் கதை

தன் குடை என்று நினைத்துப் பிறர் குடையை எடுத்து வந்தவன் திருடன் அல்ல. சட்டம் அவனை மன்னிக்கும். பிறர் குடையை எடுப்பது குற்றம் என்றே தெரியாது என்றால் மன்னிக்காது. 1860-ம் ஆண்டு தண்டனைச் சட்டம் இப்படித்தான் பிரித்தது. 2024-ல் அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் மாற்றம் இல்லை.

ஜெர்மானியருக்கு விதித்த ஓராண்டை சுப்ரீம் கோர்ட்டு குறைத்தது. அதுவரை சிறையில் இருந்த நாட்களே போதும் என்று விட்டுவிட்டது.