மூலையே இல்லாத எழுத்து

கணினியில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் வைத்திருப்பவர்கள், எழுத்துருப் பட்டியலில் கூப்பர் பிளாக் என்ற பெயரைப் பார்த்திருப்பார்கள். கருகருவென்று, கொழுகொழுவென்று, கூர்மை எங்குமே இல்லாத ஆங்கில எழுத்து. பார்த்தாலே சிரிப்பு வருகிறது என்று பலரும் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அச்சு இயந்திரத்தின் தொல்லைகளை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டு வரையப்பட்ட எழுத்துகள் மிகச் சிலவே.

இதை வரைந்தவர் ஆஸ்வால்ட் கூப்பர். 1879இல் அமெரிக்காவில் பிறந்தவர். ஓவியராக வேண்டும் என்று சிகாகோவுக்குப் படிக்கப் போனவரை எழுத்துக் கலையின் பக்கம் இழுத்தவர், அங்கே பாடம் நடத்திய ஃபிரெட்ரிக் கவுடி. 1904இல் நண்பருடன் சேர்ந்து ஒரு விளம்பர வடிவமைப்பு நிறுவனம் தொடங்கிய கூப்பர், விளம்பரங்களுக்குக் கையாலேயே எழுத்து வரைந்து பெயர் வாங்கினார். அந்தக் கை வேலையைத்தான் சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்டு ஸ்பிண்ட்லர் என்ற அச்செழுத்து வார்ப்பு நிறுவனம் உலோகத்தில் வார்த்தது. கூப்பர் பிளாக் 1922இல் விற்பனைக்கு வந்தது.

உலோக அச்செழுத்தில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தினால், மை ஓரங்களில் பிதுங்கும். மட்டமான காகிதம் என்றால் உறிஞ்சி இன்னும் பரப்பும். கூரான மூலை மழுங்கும். எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை இடம் அடைபடும். கோடுகளின் முனையில் இருக்கும் சிறு நீட்சிகளுக்கு செரிஃப் என்று பெயர். டைம்ஸ் நியூ ரோமனில் அவற்றைத் தெளிவாகப் பார்க்கலாம். அவை மெல்லியவையாக இருந்தால், பல்லாயிரம் பிரதிகள் ஓடியபின் தேயும், சில சமயம் உடைந்தே போகும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பார்மா நகரில் போடோனி செதுக்கிய எழுத்துகள் வழவழப்பான தாளில் அத்தனை அழகு. செய்தித்தாளில் அவற்றின் மயிரிழைக் கோடுகள் தடுமாறும்.

கூப்பர் எல்லா முனைகளையும் தாமே முன்கூட்டி உருட்டிவிட்டார். செரிஃப் இருக்கிறது, ஆனால் தடித்து, உருண்டு, உடலோடு கலந்து நிற்கிறது. உடைவதற்கு மெல்லிய முனை இல்லை, மழுங்குவதற்கு மூலையும் இல்லை. மை கொஞ்சம் பரவினாலும் உருவம் மாறியதாகத் தெரியாது. இன்னொரு நன்மையும் உண்டு. வட்டமான எழுத்தும் தட்டையான அடியுள்ள எழுத்தும் ஒரே கோட்டில் நின்றால் வட்டமானது சிறியதாகத் தோன்றும். அதனால் வட்டத்தைச் சற்றே கீழே இறக்கி வரைவது வழக்கம். கூப்பர் பிளாக்கில் எல்லா எழுத்துக்கும் அடி வளைவுதான். வரிசையில் ஏதோ ஒன்று கொஞ்சம் ஏறியிறங்கி நின்றாலும் கண்ணை உறுத்துவதில்லை.

அதன் 'ஓ' எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிவிளிம்பு கிட்டத்தட்ட வட்டம். உள்ளே இருக்கும் வெள்ளை முட்டை மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பட்டை நிப்பைச் சாய்த்துப் பிடித்து எழுதிய காலத்தின் தடம் அது. சிறிய 'ஐ'யின் புள்ளியும் வட்டமல்ல, பலாக்கொட்டை போல நீள்வட்டம். இவ்வளவு கனத்த எழுத்து உயிரோடு இருப்பது இந்தச் சாய்வால்தான்.

தடித்த எழுத்துக்கு ஒரு பலவீனம் உண்டு: உள்ளே இருக்கும் வெள்ளை இடம் சுருங்கிவிடும், தூரத்திலிருந்து பார்த்தால் அது தெரியாமலே போகலாம். கண் மருத்துவரின் அட்டையில், 6 மீட்டர் தூரத்திலிருந்து இயல்பான பார்வை உள்ளவர் படிக்கும் மிகச் சிறிய எழுத்தின் உயரம் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். அதன் கோடும் இடைவெளியும் அதில் ஐந்தில் ஒரு பங்கு. இதே கணக்கை 30 மீட்டருக்கு நீட்டினால், ஏறக்குறைய 9 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளிகள் கண்ணில் மூடிக்கொள்ளத் தொடங்கும். கூப்பர் பிளாக்கின் சிறிய 'ஈ'யில் இருக்கும் வெள்ளைக் கீற்றுதான் முதலில் அடைபடும். ஆகவே இது தலைப்புக்கும் பலகைக்கும் ஆன எழுத்து. பத்தி பத்தியாக இதில் அச்சிடுவது வாசகரைத் தண்டிப்பது.

விளம்பரக்காரர்கள் இதை அள்ளிக்கொண்டார்கள். போட்டி நிறுவனமான மோனோடைப் சும்மா இருக்கவில்லை. கூப்பரின் ஆசிரியர் கவுடியையே பிடித்து, 1925இல் கவுடி ஹெவிஃபேஸ் என்ற தடித்த எழுத்தை வெளியிட்டது. சந்தையில் மாணவரின் எழுத்தே நிலைத்தது.

உலோகத்தில் ஒவ்வொரு எழுத்தும் தனிக்கட்டை. கட்டையைச் செதுக்காமல் இரண்டை நெருக்க முடியாது. புகைப்பட முறையில் எழுத்துக் கோக்கும் வசதி வந்ததும் அந்தத் தடை போயிற்று. 1966இல் வெளிவந்த பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு உறையில், பச்சைப் பட்டையின்மேல் கூப்பர் பிளாக் எழுத்துகள் ஒன்றோடொன்று உரசி நிற்கின்றன. உருண்ட ஓரங்களை எவ்வளவு நெருக்கினாலும் முட்டிக்கொள்வதாகத் தோன்றவில்லை. 1970களில் இஸ்திரிப் பெட்டியால் டி-ஷர்ட்டில் ஒட்டும் எழுத்தாகவும் இது பரவியது. கூரிய முனை இருந்தால் துணியிலிருந்து உரியத் தொடங்குவது அங்கிருந்துதான். இதில் அது இல்லை. 1995இல் தொடங்கிய ஈஸிஜெட் விமான நிறுவனம் தன் பெயரை இதே எழுத்தில் ஆரஞ்சு நிறத்தோடு எழுதிக்கொண்டது.

உங்கள் கணினியில் இதைப் பயன்படுத்தினால் நாலைந்து சொற்களுக்கு மேல் போகாதீர்கள். எல்லாவற்றையும் பெரிய (கேப்பிடல்) எழுத்தில் போடாமல் சிறிய எழுத்துகளில் போடுங்கள், அதன் வளைவுகள் அங்கேதான் இருக்கின்றன. மறந்தும் 'போல்டு' பொத்தானை அழுத்த வேண்டாம். மென்பொருள் ஓரங்களைச் செயற்கையாக இன்னும் தடிக்கச் செய்யும். கூப்பர் அளந்து அளந்து விட்டுவைத்த அந்த 'ஈ'யின் வெள்ளைக் கீற்று அடைபட்டுப்போகும்.