வென்றவரின் நகர்வுகள் எல்லாம் சரியானவையா?

1999 ஜனவரி 20ஆம் திகதி, நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ நகரில் நடந்த சதுரங்கச் சுற்றுப்போட்டியில் ரஷ்யாவின் கரி கஸ்பரோவும் பல்கேரியாவின் வெசெலின் டொபலோவும் மோதினர். வெள்ளைக் காய்களுடன் ஆடிய கஸ்பரோவ், 24ஆவது நகர்வில் தனது கோட்டையால் ஒரு சிப்பாயை வெட்டினார். டொபலோவ் அந்தக் கோட்டையை வெட்டினார். உடனே கஸ்பரோவ் இரண்டாவது கோட்டையையும் பலிக்கு முன்வைத்தார். அதன்பின் கறுப்பு ராஜா வெள்ளையின் முதல் வரிசைவரை துரத்தப்பட்டது. 44ஆவது நகர்வுடன் டொபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

சதுரங்க வரலாற்றின் மிகச்சிறந்த ஆட்டங்களில் ஒன்றாக இது கொண்டாடப்படுகிறது. ஆனால் பின்னைய ஆய்வுகள் வேறொன்றையும் சொல்கின்றன. அந்த முதல் கோட்டையை டொபலோவ் வெட்டியிருக்கவே வேண்டியதில்லை. ராஜாவை ஒரு கட்டம் முன்னே நகர்த்தியிருந்தால் அவர் தப்பியிருப்பார். கஸ்பரோவும் பிழையின்றி ஆடவில்லை. 29ஆவது நகர்வில் அவர் செய்ததை ஒரு நகர்வு முன்னரே செய்திருந்தால் வெற்றி இன்னும் தெளிவாகியிருக்கும் என்பதைக் கிராண்ட்மாஸ்டர் லுபோமிர் கவலெக் சுட்டிக்காட்டினார்.

கணினி இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொரு நிலையிலிருந்தும் சாத்தியமான நகர்வுகளைப் பல படிகள் முன்னோக்கிக் கணித்து, யாருக்கு எவ்வளவு சாதகம் என்று ஒரு மதிப்பைத் தருகிறது. ஒரு நகர்வுக்குப் பின் அந்த மதிப்பு சடுதியாகச் சரிந்தால், அங்கே பிழை இருக்கிறது. ஆட்டத்தில் யார் வென்றார் என்பது அதற்குத் தேவையில்லை. பழைய விளக்கக் குறிப்புகளின் குறையே அதுதான். முடிவைத் தெரிந்துகொண்டு எழுதியவர்கள் வென்றவரின் நகர்வுகளைப் பாராட்டினார்கள். தோற்றவரின் நகர்வுகளில் குறை தேடினார்கள்.

ஆனால் கணினியின் அளவுகோலையும் கவனமாகவே கையாள வேண்டும். 2006இல் ஸ்லோவேனியாவின் மத்தேய் குயிட், இவான் பிராட்கோ ஆகிய ஆய்வாளர்கள் உலகச் சம்பியன்களின் ஆட்டங்களைக் கணினியால் ஆராய்ந்தபோது, மிகக் குறைந்த பிழை விட்டவராகக் கியூபாவின் கப்பபிளாங்கா வந்தார். அவர் எளிமையான நிலைகளை விரும்பி ஆடியவர். சிக்கலான நிலையில் ஆடுபவர் கூடுதலாகத் தவறுவது இயல்பு என்பதால், நிலைகளின் கடினத்தையும் அந்த ஆய்வு கணக்கில் எடுத்தது.

மீளாய்வு எந்த ஆட்டத்தின் முடிவையும் மாற்றாது. அன்று ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தின் முன்னால், இன்று நாம் பார்க்கும் மதிப்பெண் எதுவும் டொபலோவுக்குத் தெரியாது. அவர் எங்கே தவறினார் என்பதைச் சரியாகச் சொல்லலாம். அந்த இடத்தில் அது ஏன் கண்ணில் படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயமான மீளாய்வு.